முதல் ஹேண்டி வாங்கும் முன் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தேர்வு எழுதிவிட்டு, கால்சைன் (வானொலியில் நம்மை அடையாளம் காட்டும் அழைப்புப் பெயர்) வரும்வரை காத்திருக்கும் மாதங்களில் எல்லாரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ராத்திரி படுத்துக்கொண்டு போனில் ஹேண்டி (கையில் பிடித்துப் பேசும் வாக்கி-டாக்கி செட்) விலை பார்ப்பது. நானும் பார்த்தேன். 8 வாட், 128 சேனல், டார்ச் லைட், எஃப்எம் ரேடியோ என்று அடுக்கியிருந்த ஒரு செட்டை, கால்சைன் கைக்கு வந்த வாரமே வாங்கினேன். கீழ்வீட்டு ஹாலில் உட்கார்ந்து மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு குரலும் இல்லை. செட் பழுதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். நான்காம் நாள் காலை, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனபோது செட் இடுப்பில் இருந்தது. படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் அது திடீரென்று பேச ஆரம்பித்தது. காலை நெட், அதாவது ஹாம்கள் குறித்த நேரத்தில் கூடிப் பேசும் நிகழ்ச்சி, ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தன் ஊரில் தூறல் விழுவதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எந்த செட் என்பதைவிட எங்கே நிற்கிறோம், அதன் தலையில் என்ன ஆன்டெனா இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அதனால் இந்த வழிகாட்டியில் மாடல் பெயர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில் உரிமம், அப்புறம் செட்

இந்தியாவில் ஹேண்டி என்பது டார்ச் லைட் மாதிரி கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதையே 1933ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருந்தது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்றால் கால்சைன் 'வியூ3' என்று தொடங்கும். ஜெனரல் கிரேடு என்றால் 'வியூ2'.

"இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் போலிருக்கிறதே" என்று கேட்பார்கள். விற்பதாலேயே அது சட்டபூர்வம் ஆகிவிடாது. உரிமம் வேண்டும் என்ற விவரத்தைச் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் நோட்டீஸ் அனுப்பியது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சின்ன இடத்தில் குறைந்த சக்தியில் இயங்கும் சில கருவிகளுக்கு மட்டும் உரிம விலக்கு உண்டு. அவை ஹாம் செட் இல்லை.

உரிம நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பில் போட்டுத் தருகிற ஆளிடம் வாங்குங்கள். பில்லையும் உரிமத்தையும் படமெடுத்து போனில் வையுங்கள். பஸ் ஸ்டாண்டில் ஆன்டெனா நீட்டிக்கொண்டு நின்றால் ஒருநாள் இல்லை ஒருநாள் யாராவது கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.

இரவல் செட்டோடு ஒரு வாரம்

காசைக் கையிலிருந்து எடுக்கும் முன் உங்கள் ஊரில் ஒரு மூத்த ஹாமைக் கண்டுபிடியுங்கள். தேர்வுக்குப் பாடம் எடுத்தவரோ கிளப்பில் பார்த்தவரோ, யாரானாலும் சரி. ஹாம்கள் பொதுவாகப் புது ஆளைக் கண்டால் காபி வாங்கிக் கொடுத்துப் பேசும் ஜாதி. அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: நம் ஊரில் எந்த ரிப்பீட்டர் எடுக்கும், அதைத் திறக்கும் ஒலிக்குறி (டோன்) என்ன, நெட் எத்தனை மணிக்கு. அப்புறம், அவருடைய ஹேண்டியோடு அவரையும் ஒருநாள் உங்கள் வீட்டு மாடிக்கு அழைத்து வாருங்கள்.

ரிப்பீட்டர் என்பது மலை மேலோ உயரமான கட்டடத்தின் மேலோ உட்கார்ந்து, ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் நிலையம். கையில் பிடிக்கும் செட்டுக்கு அதுதான் உயிர். மாடியில் நின்றால் அது தெளிவாகக் கேட்கிறதா, ஹாலில் எப்படி, சமையலறை ஜன்னலோரம் எப்படி என்று நடந்து பாருங்கள். எங்கே நின்றாலும் கேட்டால் உங்களுக்கு எந்தச் சாதாரண ஹேண்டியும் போதும். மாடியில் மட்டும் கேட்டால், செட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆன்டெனாவுக்கு ஒதுக்குங்கள். எங்குமே கேட்கவில்லை என்றால் விலை உயர்ந்த ஹேண்டியும் காப்பாற்றாது. வெளியில் நிரந்தரமாக ஆன்டெனா நட வேண்டும் அல்லது கார் செட்டுக்குப் போக வேண்டும். இது வாங்கும் முன்பே தெரிவது நல்லது.

இன்னொரு ஆசையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஹேண்டியை வைத்து நேராக அமெரிக்காவோடு பேச முடியாது. அதற்கு எச்எஃப் என்கிற வேறு பேண்டும் (அலைவரிசை வரம்பு) பெரிய செட்டும் வேண்டும்.

வாட் கணக்கு

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது வாட்தான். 5 வாட் செட்டைவிட 8 வாட் செட் ஒன்றரை மடங்குக்கு மேல் தூரம் போகும் என்று மனசு கணக்குப் போடும். உண்மையில் 5க்கும் 8க்கும் வித்தியாசம் 2 டெசிபெல். எதிர்முனை செட்டின் சிக்னல் மீட்டரில் ஒரு 'எஸ்' புள்ளி ஏற வேண்டுமானால் சக்தியை நான்கு மடங்கு ஆக்க வேண்டும். அதாவது 5 வாட் 20 வாட் ஆக வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் அந்த 3 வாட்டை எதிரில் இருப்பவர் கவனிக்கவே மாட்டார், உங்கள் பேட்டரி நன்றாகவே கவனிக்கும். போதாக்குறைக்கு, மலிவு செட்டுகளின் பெட்டியில் அச்சடித்த வாட் அளவு மீட்டரில் வைத்தால் பெரும்பாலும் வருவதில்லை.

தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். ஹேண்டி பயன்படுத்தும் விஎச்எஃப், யுஎச்எஃப் அலைகள் கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் போகும். ஒரு எளிய கணக்கு இருக்கிறது: தரையிலிருந்து ஆன்டெனா இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்குங்கள். வருவது ரேடியோ அடிவானம், கிலோமீட்டரில். தெருவில் நிற்கிற ஆளின் கையில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் செட்டுக்கு அது 5 கிலோமீட்டர். 10 மீட்டர் உயர மாடிக்கு 13. சுற்றுநிலத்தைவிட 1000 மீட்டர் உயர்ந்த மலைக்கு 130. இரண்டு பக்கத்தையும் கூட்டிக்கொள்ளலாம்: தெருவில் நிற்கிற இருவருக்கு ஏட்டளவில் 10 கிலோமீட்டர் (கான்கிரீட் நெருக்கும் ஊரில் உண்மையில் இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது), மாடியில் நிற்பவருக்கும் மலை ரிப்பீட்டருக்கும் 143. சேலம் சமவெளியிலிருந்து ஏற்காட்டை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

நம்பிக்கை வரவில்லையா? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. அது உங்கள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தைப் பார்த்துவைத்து, மாடியில் நின்று 145.800 மெகாஹெர்ட்ஸில் ஹேண்டியை வைத்துக் கேளுங்கள். அவர்கள் படம் அனுப்பும் நாட்களில் விட்டு விட்டு ஒரு கீச்சொலி வரும். போனில் ஒரு செயலியை வைத்து அந்த ஒலியையே படமாக்கலாம். பக்கத்துத் தெருவில் இருப்பவர் கேட்காத அதே செட்டில் 400 கிலோமீட்டருக்கு மேலிருந்து வருவது கேட்கிறது. நடுவில் சுவர் இல்லை, அவ்வளவுதான்.

நம் எல்லை, அவர்கள் எல்லை

புதியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. நமக்குக் கொடுத்திருப்பது 2 மீட்டர் பேண்டில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், 70 சென்டிமீட்டர் பேண்டில் 434 முதல் 438. கடையில் கிடைக்கும் சீன செட்டோ 136 முதல் 174 வரையும் 400 முதல் 520 வரையும் திறந்து கிடக்கும். அந்த இடைவெளியில் போலீஸ், துறைமுகம், ரயில்வே, தனியார் நிறுவனம் என்று பலர் இருக்கிறார்கள். தவறுதலாக பட்டனை அழுத்தினாலும் அழுத்தியது நீங்கள்தான்.

இதில் வெளிநாட்டு வீடியோக்கள் வேறு. அமெரிக்கர்கள் எல்லாரையும் அழைக்கும் பொது அலைவரிசை 146.520, அது நம் எல்லைக்கு வெளியே. அவர்களுடைய 446.000 மும் வெளியே. பிரிட்டன்காரர்களின் 433.500 மும் வெளியே. வீடியோவைப் பார்த்து சேனல் ஏற்றினால் முதல் நாளே விதிமீறல். ரிப்பீட்டர் இல்லாமல் நேருக்கு நேர் பேச இங்கே வழக்கத்தில் இருப்பது 145.500.

ஆகவே செட் தேர்வில் என் முதல் நிபந்தனை, அனுப்பும் எல்லையைப் பூட்ட முடிய வேண்டும் என்பதே. சிர்ப் என்ற இலவச மென்பொருளில் பல மாடல்களுக்கு மேல் எல்லை, கீழ் எல்லை போட இடம் இருக்கிறது. வாங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.

சரி, எந்த செட்?

முதல் ஹேண்டியாக 90 சதவீதம் பேர் கையில் பார்ப்பது பாவ்ஃபெங் யுவி-5ஆர் அல்லது அதன் சித்தி பெரியம்மா பிள்ளைகள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது, எண்ணிப் பார்த்ததில்லை. 2012 வாக்கில் சந்தைக்கு வந்தது. இரண்டு பேண்டும் உண்டு, விலை சில ஆயிரம் ரூபாய், தொலைந்தாலும் வயிறு எரியாது. குறை என்னவென்றால் அதன் ரிசீவர். எல்லா வேலையையும் ஒரே சிப் செய்வதால், பக்கத்தில் பலமான டிரான்ஸ்மிட்டர் இருந்தால் காது அடைத்துப் போகும். செல்போன் டவர் நிறைந்த மாடியில், பெரிய ஆன்டெனாவை மாட்டினால் கேட்பது கூடுவதற்குப் பதில் குறைவதைக் காணலாம். அனுப்பும் அலையின் சுத்தமும் செட்டுக்குச் செட்டு மாறும்: 145இல் பேசும்போது 290, 435 என்று அதன் மடங்குகளிலும் கசியும் செட்டுகள் உண்டு.

குவான்ஷெங் யுவி-கே5 அதே விலை மட்டத்தில் பின்னால் வந்தது. செட்டின் உள்மென்பொருளையே ஆர்வலர்கள் மாற்றி எழுதியதால் நோண்டிப் பார்க்கும் கைகளுக்குப் பிடித்துப்போனது. எனக்கும் பிடிக்கும். ஆனால் முதல் செட்டில் மென்பொருளை மாற்றி, அது உயிரை விட்டு, வாரக்கணக்கில் நெட்டுக்கு வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் பேசுங்கள், பிறகு நோண்டுங்கள்.

பணம் இருந்தால் யேசு, ஐகாம் பக்கம் போகலாம். யேசு எஃப்டி-60ஆர் 2004இல் வந்த பழைய மாடல்; ரிசீவர் திடமானது, செகண்ட் ஹேண்டாக நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன். எஃப்டி-65ஆர் அதைவிடச் சின்னது, தூசிக்கும் சாரலுக்கும் தாங்கும். உங்கள் ஊரில் இருப்பது 2 மீட்டர் ரிப்பீட்டர் மட்டும்தான் என்றால் ஐகாம் ஐசி-வி86 போன்ற ஒற்றை பேண்ட் செட் போதும். பட்டன்கள் குறைவு, ஸ்பீக்கர் பலம், மழையில் சாலையோரம் நின்று பேச அதுதான் வசதி. கடையில் கையில் எடுக்க முடிந்தால் ஒன்று பாருங்கள்: கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலால் மட்டும் ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? கீழே போட்டால் உடையுமா என்ற கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், வாங்கியவரிடம் கேளுங்கள்.

டிஎம்ஆர், டி-ஸ்டார், சி4எஃப்எம் என்று டிஜிட்டல் வகைகள் மூன்று முக்கியமானவை. ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. உங்கள் ஊர் ரிப்பீட்டர் எது என்று தெரியாமல் டிஜிட்டல் செட் வாங்குவது, மாப்பிள்ளை பார்க்கும் முன்பே பத்திரிகை அடிப்பது போல. ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

ஆன்டெனா

செட்டோடு வரும் குட்டி ரப்பர் ஆன்டெனா, வசதிக்காகச் செய்த சமரசம். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். கால் அலை ஆன்டெனா என்றால் அரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும். அதை ஒரு சாண் அளவுக்குச் சுருட்டி ரப்பருக்குள் அடைத்தால் வேலைத்திறன் சரியத்தான் செய்யும். 40 சென்டிமீட்டர் அளவில் வளைந்து கொடுக்கும் நீள ஆன்டெனா ஒன்று மாட்டினாலே வித்தியாசம் காதில் தெரியும். அதில் போலிகள் ஏராளம், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

வாங்கும் முன் முனையைப் பாருங்கள். பாவ்ஃபெங் செட்டில் ஊசி செட்டின் பக்கம் இருக்கும், ஆன்டெனாவில் துளை இருக்க வேண்டும். யேசு, ஐகாம் வகைகளில் பெரும்பாலும் இது தலைகீழ். இது தெரியாமல் நான் ஒரு கடையில் ஆன்டெனா வாங்கிவந்து, இரண்டும் துளையாக இருப்பதைப் பார்த்து அரை மணி நேரம் திருகிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். அந்த ஆன்டெனா இன்னும் அலமாரியில் இருக்கிறது.

காசே செலவில்லாத வழி ஒன்று: வாலாட்டி. 49 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய ஒயரை வெட்டி, ஒரு முனையை ஆன்டெனா திருகும் இடத்தின் வெளி உலோக வளையத்தில் படும்படி மாட்டி, மறுமுனையைக் கீழே தொங்கவிடுங்கள். நடு ஊசியில் மட்டும் பட்டுவிடக் கூடாது. ஆன்டெனாவுக்கு இல்லாமல் போன மறுபாதியை அந்த ஒயர் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இதைப் புலிவால் என்பார்கள். எங்கள் வீட்டில் எலிவால்.

அதற்கு அடுத்த படி, தூர்தர்ஷன் காலத்து டிவிக்கு ஓடிய தட்டையான ரிப்பன் ஒயர். பரணில் இன்னும் இருந்தால் எடுங்கள். ஸ்லிம் ஜிம் என்ற ஆன்டெனாவை அதில் ஒன்றரை மீட்டர் நீளத்தில் செய்யலாம். சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, போகிற இடத்தில் முருங்கைக் கிளையிலோ ஜன்னல் கம்பிக்கு மேலேயோ செங்குத்தாகத் தொங்கவிட்டால் போதும். அளவு சரியாக வந்ததா என்று மூத்த ஹாமின் எஸ்டபிள்யுஆர் மீட்டரில் (செட்டுக்கு ஆன்டெனா பொருந்துகிறதா என்று காட்டும் கருவி) ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுங்கள். மாடியிலிருந்து அறைக்குக் கேபிள் இழுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஆர்ஜி-58 போன்ற மெல்லிய கேபிள் 30 மீட்டர் ஓடினால் 145இலேயே முக்கால்வாசி சக்தியைத் தின்றுவிடும். 435இல் இன்னும் மோசம். கேபிளைச் சுருக்கமாக வையுங்கள்.

பேட்டரி

முழுச் சக்தியில் பேசும்போது ஹேண்டி ஒன்றரை ஆம்பியர் வரை இழுக்கும். 1800 மில்லியாம்பியர்-மணி பேட்டரி என்றால் தொடர்ந்து பேசினால் ஒரு மணி நேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். ரிப்பீட்டர் நன்றாக எடுக்கும் இடத்தில் 1 வாட்டிலேயே பேசுங்கள். இரண்டாவது பேட்டரியை செட்டோடு சேர்த்தே வாங்குங்கள்; மாடல் பழசானால் பேட்டரிதான் முதலில் கிடைக்காமல் போகும்.

சார்ஜர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு காரணம் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவில் பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அந்த மாதிரி வேளையில் தொட்டியில் வைத்துச் சார்ஜ் செய்கிற 10 வோல்ட் சார்ஜர் வெறும் பிளாஸ்டிக். யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏறுகிற செட்டோ, சாதாரண பென்சில் பேட்டரி போடும் கூடு கிடைக்கிற செட்டோதான் கைகொடுக்கும். 2004 சுனாமியின்போது அந்தமானில் ஹாம் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் (வியூ2ஆர்பிஐ) போர்ட் பிளேரிலிருந்து செய்தித் தொடர்பை நடத்தினார். அவர் கையில் இருந்தது பெரிய நிலையம்தான், ஹேண்டி இல்லை. ஆனாலும் மின்சாரத்துக்கு மாற்று வழி யோசித்துவைக்காத எந்த நிலையமும் அப்படி ஒரு நாளில் வாய் திறக்காது.

சேனல் ஏற்றுவது

செட்டிலேயே பட்டன் தட்டி ஏற்றலாம், ஆனால் முதல் தடவை அழுகை வரும். யுவி-5ஆரில் ஒரு ரிப்பீட்டர் ஏற்ற வேண்டுமானால், மேல்வரியில் ரிப்பீட்டர் வெளிவிடும் அலைவரிசையைத் தட்டி, மெனு 26இல் இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ், மெனு 25இல் திசை கழித்தல், மெனு 13இல் டோன் என்று வைத்து, மெனு 27இல் சேனல் எண் கொடுத்துச் சேமித்து, பிறகு அனுப்பும் அலைவரிசைக்கு மாற்றி, அதே சேனலில் இன்னொரு தரம் சேமிக்க வேண்டும். இரண்டாவது சேமிப்பை மறப்பதுதான் வழக்கம். கேட்கும், ஆனால் ரிப்பீட்டர் உங்களைக் கண்டுகொள்ளாது.

டோன் என்பது காதுக்குக் கேட்காத மாதிரி குரலோடு சேர்ந்து போகும் சன்னமான ஒலி. அதுதான் ரிப்பீட்டரின் கதவைத் தட்டும் சாவி. சரியான எண் இல்லாவிட்டால் 8 வாட்டில் கத்தினாலும் திறக்காது.

கேபிள் ஒன்று வாங்கி சிர்ப்பில் கணினி வழியாக ஏற்றுங்கள். முதல் வேலையாக, செட்டில் இருப்பதை அப்படியே இறக்கி ஒரு பிரதி வைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மலிவு கேபிளைக் கணினி கண்டுகொள்ளாமல் போவது சகஜம். செட் போய்விட்டது என்று பதற வேண்டாம், டிரைவரைப் பாருங்கள். பத்து சேனலுக்கு மேல் ஆரம்பத்தில் தேவைப்படாது.

பிடிடியை (பேசும் பட்டனை) அழுத்தும் முன்

ஆன்டெனா இல்லாமல் ஒருபோதும் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் பவர் டிரான்சிஸ்டர் போய்விடலாம். செட்டை வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்படி பிடியுங்கள். படுக்கவைத்தபடி பேசினால் எதிரில் கேட்பது வெகுவாகக் குறைந்துவிடும். அழுத்தியதும் ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் கால்சைனின் முதல் எழுத்து காணாமல் போகும்.

முதல் இரண்டு நாள் கேளுங்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் எவ்வளவு இடைவெளி விடுகிறார், புது ஆள் எந்த இடத்தில் நுழைகிறார் என்று பிடிபடும். ரிப்பீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க வெறுமனே பட்டனை அழுத்தி அழுத்தி விடும் பழக்கம் மட்டும் வேண்டாம். மலை மேல் ஒரு "டுப்" சத்தம் கேட்டு நாலு மாவட்டத்தில் ஆட்கள் செட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். கால்சைனைச் சொல்லி, "சிக்னல் ரிப்போர்ட் கிடைக்குமா சார்?" என்று கேளுங்கள். காலை நெட் நேரம் என்றால் நிச்சயம் ஒருவர் பதில் சொல்வார். அனேகமாக அவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆன்டெனா போட்டிருக்கீங்க?"